உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமாம்ல!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இன்னிக்கு என்னை எழுத வச்ச புண்ணியவான் எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையன்.

வாடிக்கையாளர் கருத்துச் சொல்ற மாதிரி ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் செய்யணும்னு வேலை வந்துச்சு. "அண்ணா, இதெல்லாம் ஒரு வேலையா? ஒரு ஃபார்ம், ஒரு டேபிள், அரை நாள்ல முடிச்சுர்றேன்"னான். சொன்ன மாதிரியே மத்தியானம் மூணு மணிக்கு முடிச்சுக் காட்டினான். அஞ்சு நட்சத்திரம் மஞ்சள் கலர்ல மின்னுது. அனுப்புற பட்டனை அமுக்கினா பச்சைக் கலர்ல ஒரு டிக். கீழ "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். நன்றி!"

"நல்லாருக்குடா தம்பி. இத யாரு படிப்பா?"ன்னு கேட்டேன்.

"அது... கிளையன்ட் பாத்துக்குவாங்கண்ணா."

இந்த பதிலத்தான் இன்னிக்கு போட்டுத் தாக்கப் போறேன். பையனத் திட்டுறதுக்காக இல்ல. 2019ல காலேஜ் முடிச்சு பொட்டி தட்ட வந்த புதுசுல நானும் இதே பதிலத்தான் சொன்னேன். என் கோவத்துல பாதி என் மேலயே.

கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கறேன்.

அப்ப நான் ஒரு சின்ன கம்பெனில இருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனைக்கு கருத்துப் படிவம் வேணும்னாங்க. பேரெல்லாம் வேணாம். பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல், மூணு நாள் வேலை. பேர், போன் நம்பர், அஞ்சு நட்சத்திரம், "உங்கள் கருத்து"ன்னு ஒரு பெரிய கட்டம். நான் "டெஸ்ட் டெஸ்ட்"னு இங்கிலீஷ்ல நாலு தடவ அடிச்சுப் பாத்தேன், டேபிள்ல வந்துச்சு. முடிஞ்சது சோலி. கிளையன்ட் கைதட்டினாங்க, எங்க டேமேஜர் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தார்.

ஒன்பது மாசம் கழிச்சு சர்வர் மாத்தணும்னு அந்த டேட்டாபேஸ் என் கைக்கு வந்துச்சு. டேபிள்ல நாலாயிரத்துச் சொச்சம் வரி. நிர்வாகிக்குன்னு ஒரு லாகின் செஞ்சு குடுத்திருந்தேன். அது கடைசியா உள்ள போன தேதியப் பாத்தா நாங்க டெமோ காட்டின தேதி. புரியுதா? நாலாயிரம் பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தர் கூட தொறந்து பாக்கல.

அது அவங்க தப்பு, சரி. அடுத்தது என் தப்பு. நெறைய வரில வெறும் கேள்விக்குறியா இருந்துச்சு. கேள்விக்குறி, இடைவெளி, கேள்விக்குறி. யாரோ வெளையாடிருக்காங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் தான் வெளங்குச்சு, அதெல்லாம் தமிழ்ல எழுதினவங்க வரிகள். அது பழைய சர்வர். டேபிளோட எழுத்து வகை லத்தீன்1னு இருந்திருக்கு, நான் மாத்தல. அந்த வகைக்கு தமிழ் எழுத்து தெரியாது. ஸ்ட்ரிக்ட் மோடு இருந்திருந்தா எரர் குடுத்து என்னை காப்பாத்தியிருக்கும், அந்தப் பழைய சர்வர்ல அதுவும் இல்ல. சத்தமே போடாம ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கேள்விக்குறியா மாத்தி சேமிச்சிருச்சு. திரும்ப எடுக்கவே முடியாது. பச்சை டிக் மட்டும் எல்லாருக்கும் போயிருக்கு. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்!

அதுல ஒரே போன் நம்பர்ல மூணு வரி இருந்துச்சு. மொத வரி முழுக்க கேள்விக்குறி. பத்து நாள் கழிச்சு ரெண்டாவது, இங்கிலீஷ் எழுத்துல தமிழ்: லேப் பக்கத்து ரேம்ப்ல ஏசி தண்ணி ஒழுகி நிக்குது, வயசானவங்க வர்ற எடம், துடைக்கச் சொல்லுங்க. ஒன்றரை மாசம் கழிச்சு மூணாவது: அதே ரேம்ப்ல அம்மா இன்னிக்கு வழுக்கி விழுந்துட்டாங்க, மணிக்கட்டுல கட்டு போட்ருக்கு, முன்னாடியே ரெண்டு தடவ சொன்னேனே.

டேமேஜர்கிட்ட காட்டினேன். "நம்ம ஸ்கோப்ல இல்லப்பா. ஃபார்ம் வேல செய்யுதில்ல?"ன்னார். மருத்துவமனை ஐடி ஆளுக்கு போன் போட்டேன், "சொல்லிடறேன் சார்"னார். சொன்னாரா, ரேம்ப் சரியாச்சா, தெரியாது. நானும் திரும்பக் கேக்கல. 22 வயசு, வேல போயிருமோன்னு பயம். இதுதான் கதை.

இப்ப பாயிண்ட்டுக்கு வர்றேன். இணையத்துல "கருத்துப் படிவம் செய்வது எப்படி"ன்னு தேடிப் பாருங்க, வண்டி வண்டியா பாடம் கெடைக்கும். நான் பாத்ததுல முக்கால்வாசி டேபிள்ல ஒரு வரி விழுந்ததும் "வாழ்த்துகள்! உங்கள் அப்ளிகேஷன் தயார்"னு முடிஞ்சிருது. நான் சொல்றேன், அங்கதான் அது ஆரம்பமே ஆகுது. கருத்து கேக்கற அப்ளிகேஷன்னா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழணும், அவர் எதாச்சும் செய்யணும், செஞ்சது சொன்னவருக்குத் தெரியணும். இதுல மொத பாதிய மட்டும் கட்டிக் குடுத்தா அது பூட்டி சாவியத் தொலைச்ச புகார்ப் பெட்டி. பெட்டியே இல்லேன்னாலாவது அந்த ஆள் நேரா போய் சத்தம் போட்டிருப்பார். நாம பச்சை டிக் காட்டி அவர் வாய அடைச்சுட்டோம். "ஸ்கோப்ல இல்ல"ன்னு இதுலேருந்து நழுவக் கூடாது.

சும்மா ஜல்லி அடிக்காதடா, எப்படித்தான் செய்யணும்னு கேப்பீங்க. போன வருஷம் நண்பனோட மாமா மெஸ்ஸுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தேன். கோவைல பத்து மேசை போட்ட மெஸ். அத வச்சே படிப்படியா சொல்றேன்.

படி 1: கேள்வி. மாமா பன்னெண்டு கேள்வி எழுதி வச்சிருந்தார். சுவை, சுத்தம், உபசரிப்பு, விலை, அது இது. சாப்ட்டு கை கழுவிட்டு பஸ்ஸ பிடிக்க ஓடறவன் பன்னெண்டு கேள்விக்கு பதில் சொல்லுவானா? ஒரே கேள்வி வச்சோம்: "இன்னிக்கு எது சரியில்ல?" மாமாவுக்கு மொகம் சுருங்கிருச்சு. "ஏந்தம்பி, நல்லாருக்குன்னு சொல்ல வர்றவன் எங்க சொல்லுவான்?" நல்லாருக்குன்னா நாளைக்கும் வருவான் மாமா, அதான் அவன் கருத்து.

நட்சத்திரமும் வேணாம்னுட்டேன். மூணு நட்சத்திரத்த வச்சு என்ன செய்வீங்க? உப்பு அதிகமா, ஃபேன் ஓடலையா? ஃப்ரெட் ரெய்க்கெல்ட் 2003ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல ஒரு கட்டுரை எழுதினார். "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்க"ன்னு ஒரே கேள்வி போதும்னார். 9, 10 குடுத்தவங்க ஆதரவாளர், 6 வரைக்கும் குடுத்தவங்க அதிருப்தியாளர், அந்த சதவீதத்துலேருந்து இந்த சதவீதத்தைக் கழி. நம்மூருக்கு அது எப்படி வந்து சேந்துச்சு? வண்டி சர்வீஸ் விட்டா மறுநாள் போன் வருது: "சார், கம்பெனிலேருந்து கூப்புடுவாங்க, பத்துன்னு சொல்லிடுங்க சார், கொறஞ்சா எங்க இன்சென்டிவ்ல கை வப்பாங்க." நாமளும் பாவம்னு பத்து குடுக்கறோம். பிரேக் சத்தம் அப்படியே இருக்கு. அளவுகோலையே இலக்கா வச்சா அளவுகோல் கெட்டுப்போகும்னு பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பேர்ல ஒரு விதியே இருக்கு. அவர் 1975லயே சொன்ன சங்கதி.

படி 2: டேபிள். எல்லாரும் வைக்கறது: எண், செய்தி, வந்த நேரம். இங்க மேசை எண்ணும் உண்டு. அதுக்கு மேல மூணு பத்தி சேத்தேன்: "யார் பொறுப்பு", "என்ன செஞ்சோம்", "முடிச்ச தேதி". இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இந்த மூணு பத்திய வச்சுக்கங்க. என் மருத்துவமனை டேபிள்ல இந்த மூணும் இல்ல. யாரும் கேக்கல, நானும் வைக்கல.

எழுத்து வகை யுடிஎஃப்8எம்பி4. மைஎஸ்க்யூஎல்ல வெறும் "யுடிஎஃப்8"னு போட்டா ஒரு எழுத்துக்கு மூணு பைட்தான் எடம். தமிழ் எழுத்து மூணு பைட்ல அடங்கிரும், ஆனா கூடவே ஒரு சிரிப்பு பொம்மை போட்டா அதுக்கு நாலு பைட் வேணும், அங்க படுத்துரும். 2018ல வந்த மைஎஸ்க்யூஎல் 8லேருந்து யுடிஎஃப்8எம்பி4தான் இயல்பு. பழைய சர்வர்னா நீங்கதான் பாக்கணும். டேபிளுக்கு மட்டும் மாத்தினா போதாது, கனெக்ஷனுக்கும் அதே எழுத்து வகை சொல்லணும். தமிழ்ல அடிச்சு, சேமிச்சு, திரும்ப எடுத்துப் படிச்சுப் பாருங்க. "டெஸ்ட் டெஸ்ட்" எல்லாம் டெஸ்டே இல்ல.

படி 3: ஃபார்ம். லாகின் கெடையாது. மேசைல ஒரு க்யூஆர் கோடு, அதுலயே மேசை எண் இருக்கு. பேர் கேக்கல. கேட்டே ஆகணும்னா ஒரே கட்டம் வைங்க. "கடைசிப் பெயர் கட்டாயம்"னு வச்சு நம்மாளுங்கள இன்னும் எத்தன நாள் அழ வப்பீங்க? நமக்கு இருக்கறது ஒரு இனிஷியல். அதப் போட்டா "ரெண்டெழுத்தாவது வேணும்"னு செவப்பு கலர்ல திட்டுது. நம்ம பொழப்பு தெரிஞ்ச நாமளே இந்த கோடை எழுதறோம், அதான் கேவலம்.

போன் நம்பர் விருப்பப்பட்டா மட்டும், பதில் வேணும்னா மட்டும். கடைல பில் போட போன் நம்பர் கட்டாயம்னு கேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே அறிவுறுத்தியாச்சு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே வருஷம் வந்துருச்சு. வாங்கி வச்சுக்கிட்டு தீபாவளி ஆஃபர் அனுப்பறதுக்குன்னா அது கருத்துப் படிவம் இல்ல, தூண்டில்.

படி 4: சேமிப்பு. இதுல புதுசு ஒண்ணும் இல்ல, ஆனா விடக் கூடாது. பிரவுசர்ல சரிபாத்தாலும் சர்வர்லயும் சரிபாருங்க. பயனர் அடிச்சத எஸ்க்யூஎல் வாக்கியத்துல ஒட்ட வைக்காதீங்க, ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் போடுங்க. சேமிச்சதும் வேற பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணுங்க, இல்லேன்னா அவர் ரெஃப்ரெஷ் அமுக்கினா அதே செய்தி ரெண்டு தடவ விழும். குப்பை அனுப்பற ரோபோவுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்த மறைச்சு வைங்க. ரோபோக்கள் நெறைய அதையும் நெரப்பும், மாட்டிக்கும். மனுசன் பாவம், உப்பு அதிகம்னு சொல்ல வந்தவன்கிட்ட ட்ராஃபிக் லைட் எங்கன்னு கேக்காதீங்க.

படி 5: காட்டுறது. வந்த செய்திய அப்படியே பக்கத்துல கொட்டக் கூடாது, ஹெச்டிஎம்எல் குறிகள முறிச்சுட்டுத்தான் காட்டணும். எவனாச்சும் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினா அது ஓடப் போறது நிர்வாகியோட பிரவுசர்ல, அவர் லாகின் உரிமையோட.

இன்னொரு சின்ன விஷயம். எல்லாரும் புதுசு மேல, பழசு கீழன்னு அடுக்குவோம். தலைகீழா மாத்துங்க. "முடிச்ச தேதி" காலியா இருக்கறது மட்டும், ரொம்பப் பழசு மேல. புதுசு மேல வந்தா பழசு ரெண்டாம் பக்கம், மூணாம் பக்கம்னு மூழ்கிரும். அந்த ரேம்ப் அப்படித்தான் மூழ்கியிருக்கும், யாராச்சும் தொறந்து பாத்திருந்தாக் கூட.

படி 6: தேடிப்போய் சொல்றது. மாமா லாகின் பண்ணிப் பாப்பார்னு நான் நம்பல. தெனம் காலைல ஆறு மணிக்கு ஒரு க்ரான் வேலை ஓடும், முடியாத வரிகள எடுத்து மாமா போனுக்கே அனுப்பும். மெயில், டெலிகிராம், எதுவோ, அந்த மனுசன் நெசமா பாக்கற எடத்துக்குப் போகணும். பொது முகவரிக்கு அனுப்பினா அது கெணத்துல போட்ட கல்லு. எஸ்எம்எஸ்னா ஒரு கணக்கு: இங்கிலீஷ்ல ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான், அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா எண்ணிக்கை. "தமிழ்னா செலவு"ன்னு சொல்லி தமிழை மொதல்ல வெட்டுற டேமேஜர்களப் பாத்திருக்கேன். சுருக்கி எழுதுங்கய்யா, வெட்டாதீங்க.

படி 7: பதில். வாரா வாரம் ஞாயித்துக்கெழம கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு தாள் ஒட்டறோம். எடது பக்கம் "நீங்க சொன்னது", வலது பக்கம் "நாங்க செஞ்சது". மொத வாரத்துல ஆறு பேர் கை கழுவற எடத்துல சோப்பு இல்லன்னு எழுதியிருந்தாங்க. மாமாவுக்கே ஆச்சரியம், பையன் வைக்கறான்னு நெனச்சுட்டு இருந்திருக்கார். ரெண்டு பேர் வண்டி நிறுத்த எடம் இல்லன்னாங்க. அதுக்கு வலது பக்கம் என்ன எழுதினோம் தெரியுமா? "முடியாதுங்க, எடம் இல்ல." முடியாதுங்கறதும் ஒரு பதில்தான். அதப் படிச்சுட்டு யாரும் சண்டைக்கு வரல.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. மாமாகிட்ட எவனோ ஒரு ஐடியா குடுத்திருக்கான். "நட்சத்திரம் வைங்க, 4, 5 குடுத்தவன மட்டும் கூகுள் விமர்சனத்துக்கு அனுப்புங்க, கொறச்சுக் குடுத்தவன உள்ளயே அமுக்கிருங்க." கோடுல பாத்தா ஒரே ஒரு இஃப் கண்டிஷன், ரெண்டு நிமிஷ வேலை. நான் மாட்டேன்னுட்டேன். கூகுள் விதிலயே நல்ல விமர்சனம் மட்டும் பொறுக்கி வாங்கக் கூடாதுன்னு இருக்கு. விதிய விடுங்க. அமெரிக்காவுல ஃபேஷன் நோவான்னு ஒரு துணி விக்கற நிறுவனம், 4, 5 நட்சத்திர விமர்சனம் தானா தளத்துல ஏறுற மாதிரியும், கொறஞ்சது அனுமதிக்காக நிக்கற மாதிரியும் வச்சு, நின்னதுல ஏகப்பட்டத வெளியிடவே இல்லன்னு அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டுச்சு. 2022 ஜனவரில 42 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி வசதியையும் எங்கயோ நம்மள மாதிரி ஒரு பொட்டி தட்டறவன்தானே செஞ்சு குடுத்திருப்பான்? அவனும் "கேட்டாங்க, செஞ்சேன்"னுதான் சொல்லியிருப்பான்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

"ஆயிரக்கணக்குல வரும், எல்லாத்துக்கும் பதில் சொல்ல முடியுமா?" முடியாதுன்னா அவ்ளோ கேக்காதீங்க. படிக்க ஒரு ஆள் இருந்தா ஒரு ஆள் படிக்கற அளவுக்குக் கேளுங்க. ஆளே இல்லயா, "கருத்துப் பெட்டி இல்லை, மேனேஜரைப் பாருங்க"ன்னு ஒரு போர்டு வைங்க. அது நேர்மை.

"பாதிப் பேர் சும்மா திட்டுவான்." திட்டட்டும். பத்து திட்டுக்கு நடுவுல ஒரு ரேம்ப் இருக்கும்.

"நாம டெவலப்பர், கிளையன்ட்ட நாம எப்படிக் கேக்கறது?" இதுதான் நெசமான கேள்வி, ஈசின்னு சொல்ல மாட்டேன். 22 வயசுல நான் கேக்கல. ஆனா மூணு பத்தி சேக்க யார் அனுமதியும் வேணாம். "இதை யார் படிப்பாங்க, பேர் சொல்லுங்க சார், அவருக்கு காலைல மெயில் போற மாதிரி வைக்கறேன்"னு கேட்டா எந்த கிளையன்ட்டும் அடிக்க வர மாட்டான். பேர் சொல்ல முடியலன்னா அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். இருக்கட்டும், அதுக்குத்தான் கேக்கறது.

எங்க டீம் பையன்கிட்ட இதையெல்லாம் இவ்ளோ நீட்டல. மூணு பத்திய மட்டும் சொன்னேன், ரேம்ப் கதையச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். சாயங்காலம் கிளையன்ட் மீட்டிங்ல அவனே கேட்டான்: "சார், இதப் படிக்கப் போறவங்க பேர் என்ன?" அந்தப் பக்கம் அமைதி. அப்பறம் ஒருத்தர், "நாளைக்கு சொல்றோம்"னார். இன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் அந்த பச்சை டிக்க வைக்க மாட்டேன்னு பையன் பிடிவாதமா இருக்கான். எங்க இப்போதைய டேமேஜர் என்னை மொறைக்கறார் :-)

டிஸ்கி 1: மெஸ் மாமா இப்ப ஒரு வரி கூட பாக்கி வைக்கறதில்ல. ஒரே ஒரு வரி மட்டும் ரெண்டு மாசமா நிக்குது, "சாம்பார்ல முருங்கக்கா தேட வேண்டியிருக்கு." மாமா அதுக்கு பதில் யோசிச்சுட்டு இருக்கார்.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். படிக்கறது நானேதான், பதிலும் உண்டு. தமிழ்ல அடிச்சா கேள்விக்குறியா வராதுன்னு மூணு தடவ சோதிச்சுட்டேன்.